செப்டிக் டேங்க் லாரியைக் கூப்பிடும் முன்: குமரி மாவட்டத்தில் புதிதாக வீட்டுக்கு வந்தவர்களுக்கு

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ குளச்சல் பக்கமோ ஒரு பழைய வீட்டை வாங்கியிருக்கிறீர்கள், இல்லையென்றால் வாடகைக்கு வந்திருக்கிறீர்கள். ஒரு வாரமாகக் கழிப்பறையில் தண்ணீர் இறங்க மறுக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்து, "டேங்க் நிறைஞ்சிருக்கும், லாரியைக் கூப்பிடுங்க" என்கிறார். கூப்பிடலாம். ஆனால் அதற்கு முன் அரை நாள் செலவழித்துச் சிலவற்றைப் பார்த்துவிட்டால், வீண் பணமும் இரண்டாவது முறை லாரிக்காகக் காத்துக் கிடப்பதும் மிச்சம். ஒரு மனித உயிரைப் பணயம் வைக்கும் வேலை இது என்பதால் அவசரத்தில் செய்யவே கூடாது.

1. நிறைந்தது டேங்க்தானா?

செப்டிக் டேங்க் எப்போதும் நிறைந்துதான் இருக்கும். மூடியைத் திறந்து பார்த்து, "ஐயோ, விளிம்பு வரை தண்ணீர்" என்று பதற வேண்டாம். வீட்டிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் உள்ளே வந்தால், மறுமுனையில் ஒரு வாளித் தண்ணீர் வெளியேறு குழாய் வழியாக உறிஞ்சுகுழிக்கு, அதாவது நீரை மண்ணுக்குள் இறங்க விடும் குழிக்கு, போகும். அதுதான் அதன் வேலை. உள்ளே அடியில் சகதி, மேலே மிதக்கும் ஏடு, நடுவில் ஓரளவு தெளிந்த நீர். சகதி எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்பதே கேள்வி.

முதலில் வீட்டுச் சுவருக்கும் டேங்குக்கும் நடுவில் உள்ள சின்னச் சேம்பரை, அதாவது குழாய் வழியில் மூடி போட்ட சின்னத் தொட்டியை, திறங்கள். சேம்பரில் கழிவு தேங்கி நிற்கிறது, டேங்கில் நீர்மட்டம் வழக்கமான உயரத்தில்தான் இருக்கிறது என்றால், அடைப்பு நடுவில் உள்ள குழாயில். அதற்கு லாரி வேண்டாம், குழாய் அடைப்பு எடுப்பவர் போதும்.

டேங்கில் நீர்மட்டம் வெளியேறு குழாயை மூழ்கடித்து மேலே நிற்கிறதா? அப்படியானால் வெளியேறு குழாய் அடைத்திருக்கிறது, அல்லது உறிஞ்சுகுழி இனி உறிஞ்ச மறுக்கிறது. இந்த நிலையில் லாரியை அழைத்தால் சில நாள் நிம்மதி கிடைக்கும், பிறகு பழைய கதைதான். டேங்கில் இடம் இருக்கும்வரை வீட்டுத் தண்ணீர் அதை நிரப்பும், நிரம்பியதும் போக வழியில்லாமல் திரும்ப நிற்கும். "போன மாசம்தானே எடுத்தோம்" என்று லாரிக்காரரோடு சண்டை போடும் வீடுகள் பலவற்றில் இந்தக் கோளாறாகத்தான் இருக்கும்.

இரண்டும் இல்லையென்றால் சகதியை அளந்து பாருங்கள். எட்டடி நீள பி.வி.சி. குழாயோ மூங்கில் கம்போ எடுத்து, அடிமுனையிலிருந்து மூன்றடி உயரத்துக்குப் பழைய வெள்ளை வேட்டித் துணியைச் சுற்றிச் சணலால் கட்டுங்கள். முதல் அறையின் மூடியைத் திறந்து, அரை மணி நேரம் காற்றாட விட்டு, கம்பை மெதுவாகத் தரை தட்டும் வரை இறக்குங்கள். இரண்டு மூன்று நிமிடம் அப்படியே பிடித்திருந்துவிட்டு மெல்ல வெளியே எடுங்கள். துணியின் அடிப்பாகத்தில் கருப்பாகத் துகள் ஒட்டியிருக்கும், அதற்கு மேல் வெறும் ஈரம். கருப்பு நிற்கும் உயரமே சகதியின் உயரம். நீரின் ஆழம் ஐந்தடி என்றால், சகதி ஒன்றே முக்கால் அடியை நெருங்கும்போது, அதாவது மூன்றில் ஒரு பங்கு வந்ததும், எடுத்துவிட வேண்டும். அளக்கும்போது கையுறை போடுங்கள், பக்கத்தில் பீடி, தீக்குச்சி, குழந்தைகள் எதுவும் வேண்டாம். டேங்கிலிருந்து வருவதில் எரியும் வாயுவும் உண்டு.

ஐந்து பேர் உள்ள வீட்டில், சரியான அளவில் கட்டிய டேங்குக்கு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுப்பது பொதுவான கணக்கு. பத்து ஆண்டாகத் தொடவே இல்லை என்று முந்தைய உரிமையாளர் பெருமையாகச் சொன்னால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சகதி இறுகிப் போயிருக்கும், கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுகுழிக்குள்ளும் போய்ச் சேர்ந்திருக்கும்.

2. டேங்க் எங்கே இருக்கிறது, எவ்வளவு கொள்ளும்?

பழைய வீடுகளில் இதுதான் பெரிய தலைவலி. கார் ஷெட்டில் இன்டர்லாக் கல் பதித்தபோது மூடிகளையும் சேர்த்து மூடியிருப்பார்கள். அங்கீகாரம் பெற்ற கட்டட வரைபடம் இருந்தால் அதில் குறித்திருக்கும். இல்லையென்றால் காற்றுக் குழாயைத் தேடுங்கள். சுவரை ஒட்டி உயரே போகும் அந்தக் குழாயின் அடி டேங்கில்தான் இருக்கும். வீடு கட்டிய கொத்தனார் உள்ளூர்க்காரராக இருந்தால் ஒரு வார்த்தை கேட்டாலே போதும்.

ஒழுங்காகக் கட்டிய டேங்கில் இரண்டு அறைகள் இருக்கும், நடுவில் தடுப்புச் சுவர். முதல் அறை பெரியது, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. சகதியில் பெரும்பகுதி அங்கேதான் தங்கும். இரண்டு அறைக்கும் தனித்தனி மூடி உண்டு. ஒன்றைக் கண்டுபிடித்ததும் தேடலை நிறுத்திவிடாதீர்கள்.

கொள்ளளவைக் கணக்கிட: உள் நீளம் × உள் அகலம் × நீரின் ஆழம், எல்லாம் அடியில். வருவதை 28.3 ஆல் பெருக்கினால் லிட்டர். எட்டடி நீளம், நான்கடி அகலம், ஐந்தடி நீர் என்றால் 160 கன அடி, சுமார் 4,500 லிட்டர். ஆழத்தை டேங்கின் அடித்தளத்திலிருந்து வெளியேறு குழாயின் அடிப்பாகம் வரை மட்டும் எடுங்கள், மேல் சிலாப் வரை அல்ல. இந்த எண் கையில் இல்லாமல் லாரிக்காரரோடு விலை பேச முடியாது.

மேலே போட்டிருக்கும் சிலாப்பின் மீது ஏறி நிற்காதீர்கள். டேங்கின் வாயு கான்கிரீட்டை அடிப்பக்கத்திலிருந்து அரிக்கும், உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பும். மேலிருந்து பார்க்க நல்ல சிலாப்பாகத் தெரியும், ஆள் கால் வைத்ததும் உடையும். கடப்பாரையால் நெம்பும்போதும் பக்கவாட்டுத் தரையில் நின்றே நெம்பச் சொல்லுங்கள்.

சில வீடுகளில் டேங்க் என்று சொல்வது, உறை இறக்கிய வெறும் குழியாக இருக்கும். அடித்தளமும் இல்லை, தடுப்புச் சுவரும் இல்லை. அதையும் லாரி எடுக்கும், ஆனால் கீழே மூன்றாவது பகுதியில் சொல்லும் எச்சரிக்கை அந்த வீடுகளுக்குத்தான் மிக முக்கியம்.

3. எந்த மாதத்தில்?

நம் மாவட்டத்துக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலம். ஜூனில் தென்மேற்கு தொடங்கும், அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் அக்டோபரில் வடகிழக்கு வந்து டிசம்பர் வரை போகும். ஜனவரி பிற்பாதி முதல் ஏப்ரல் வரைதான் மண் உலர்ந்து நிலத்தடி நீர் இறங்கியிருக்கும் காலம். டேங்க் எடுக்க அதுவே சரியான நேரம்.

மழைக்காலத்தில் ஏன் கூடாது? மூன்று காரணம். ஈர மண்ணில் லாரி புதையும். உறிஞ்சுகுழி ஏற்கெனவே நீரால் நிறைந்திருக்கும், எடுக்க எடுக்க அங்கிருந்து டேங்குக்குள் திரும்ப ஓடி வரும். நீங்கள் காசு கொடுத்து மழைத் தண்ணீரை ஏற்றி அனுப்புவீர்கள். மூன்றாவதுதான் ஆபத்தானது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோர மணலிலும், தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் வயலை மண்ணடித்து மேடாக்கிக் கட்டிய மனைகளிலும் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். அங்கே டேங்கை முழுதாகக் காலி செய்தால் வெளியே நிற்கும் நீர் அதை மேலே தள்ளும். பிளாஸ்டிக், ஃபைபர் ரெடிமேட் டேங்குகள் இப்படி மிதந்து எழும்பி, குழாய் இணைப்புகளை முறித்துவிடும். உறை இறக்கிய குழியில் உறைகள் நகர்ந்து மண் சரியும். தவிர்க்க முடியாமல் மழையில் எடுத்தே தீர வேண்டும் என்றால், பாதி மட்டும் எடுத்து, உடனே தண்ணீர் நிரப்புங்கள். மீதியைக் கோடையில் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் கல்யாணமோ கிறிஸ்துமஸுக்கு வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வருவதோ இருந்தால், ஒரு மாதம் முன்னால் சகதியை அளந்து பாருங்கள். ஐந்து பேர் பயன்படுத்திய டேங்கில் திடீரென்று முப்பது பேர் என்றால், நாள் கணக்கில் தெளிய வேண்டிய நீர் தெளியாமலே உறிஞ்சுகுழிக்குப் போகும். கன்னியாகுமரி ஊருக்குள் இருப்பவர்கள் சபரிமலை சீசனையும், மண்டைக்காடு சுற்று வட்டாரத்தினர் மாசிக் கொடை நாள்களையும் தவிர்ப்பது நல்லது. கூட்டத்தில் லாரி நுழைய முடியாது.

4. காகிதங்கள்

எந்த லாரியும் வந்து எடுத்துவிட்டுப் போகலாம் என்ற காலம் போய்விட்டது. கழிவுநீர் லாரி ஓட்ட உள்ளாட்சி அமைப்பின் உரிமம் வேண்டும். நாகர்கோவில் என்றால் மாநகராட்சி, குழித்துறை, பத்மநாபபுரம், குளச்சல், கொல்லங்கோடு போன்ற ஊர்கள் என்றால் நகராட்சி, மற்ற இடங்களில் பேரூராட்சி அல்லது ஊராட்சி. வீட்டு வரி எங்கே கட்டுகிறீர்களோ அந்த அலுவலகத்தில் கேட்டால் உரிமம் பெற்றவர்கள் யார் என்று தெரிந்துகொள்ளலாம். 14420 என்ற இலவச எண்ணுக்கும் அழைக்கலாம், டேங்க் சுத்தம் செய்வதற்கென்றே உள்ள எண் அது.

லாரிக்காரரிடம் கேளுங்கள்: உரிமத்தின் நகல், அது எந்தத் தேதி வரை செல்லும், லாரியின் பதிவு எண் உரிமத்தில் உள்ள எண்தானா, வண்டியில் ஜி.பி.எஸ். இருக்கிறதா, எடுத்ததை எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கப் போகிறார்கள். வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். உரிமம் உள்ளவர் தயங்க மாட்டார். கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் வழவழவென்று வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். "ராத்திரி பதினொரு மணிக்கு வர்றோம், பாதி ரேட்" என்பவர்கள் எங்கே கொட்டுவார்கள் என்று யோசிக்க வேண்டியதில்லை. ஏதோ ரப்பர் தோட்டத்து ஓரம், ஏதோ குளம், பழையாறு அல்லது ஏ.வி.எம். கால்வாய். வீட்டுக்கு வீடு கிணறு உள்ள மாவட்டம் இது, அந்தத் தண்ணீரைத்தான் யாரோ குடிக்கிறார்கள்.

உங்கள் பக்கம் தயாராக இருக்க வேண்டியவை: வீட்டு வரி ரசீது, கதவு எண், டேங்கின் அளவு. வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் முன்கூட்டியே பேசி, செலவு யாருடையது என்று எழுத்தில், ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவாவது, வாங்கிவிடுங்கள். தரையை உடைக்க வேண்டியிருந்தால் அவர் சம்மதமில்லாமல் தொடாதீர்கள்.

5. விலை பேசும்போது

ஒரு லோடு சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஊருக்கு ஊர் மாறும் தொகை அது, எனவே இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். தொகையைவிட, அந்தத் தொகையில் என்னென்ன அடக்கம் என்பதில்தான் ஏமாற்றம் நடக்கும்.

லாரியின் கொள்ளளவு எவ்வளவு என்று கேளுங்கள். உங்கள் டேங்க் 4,500 லிட்டர், லாரி 4,000 லிட்டர் என்றால், டேங்க் காலியாகும் முன்பே லாரி நிறைந்துவிடும், சகதியில் ஒரு பகுதி அடியில் கிடக்கும். இரண்டாவது லோடுக்கு இரண்டாவது பணம். டேங்கைவிடப் பெரிய லாரியாகக் கேட்டு வாங்குங்கள்.

ஹோஸ் எத்தனை அடி, கூடுதல் நீளத்துக்குத் தனிக் காசா என்பது அடுத்தது. லாரி நிற்கும் இடத்திலிருந்து டேங்க் மூடி வரை, வளைவுகளையும் சேர்த்து, டேப் வைத்து அளந்து சொல்லுங்கள். கடலோர ஊர்களின் முடுக்குகளில் லாரி நுழையாது. எங்கே நிறுத்தலாம் என்று அளக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

குலசேகரம், அருமனை, திருவட்டாறு பக்கத்து மேட்டு நிலத்தில் இன்னொரு சிக்கல் உண்டு, போனில் யாரும் கேட்க மாட்டார்கள். ரோடு மேலே இருக்கும், வீடு பள்ளத்தில் இருக்கும். லாரியின் பம்பு உறிஞ்சி ஏற்றும் உயரத்துக்கு எல்லை உண்டு. வெறும் தண்ணீரையே எந்தப் பம்பாலும் முப்பத்து மூன்று அடிக்கு மேல் உறிஞ்சி ஏற்ற முடியாது, நடைமுறையில் இருபது இருபத்தைந்து அடியே அதிகம். சகதிக்கு இன்னும் குறைவு. ரோட்டிலிருந்து முற்றம் பதினைந்தடி கீழே, டேங்கின் ஆழம் ஏழடி என்றால் மொத்தம் இருபத்திரண்டு அடி. நீர் வரும், அடியில் உள்ள கெட்டிச் சகதி வராது. இதை முன்பே சொன்னால் கீழ்ப்பக்க வழியாக வர முடியுமா என்று பார்ப்பார்கள், அல்லது சின்ன வண்டியை முற்றம் வரை இறக்குவார்கள்.

மூடி திறக்கும் கூலி, திரும்பப் பூசும் கொத்தனார் கூலி, சிமென்ட் ஆகியவை பெரும்பாலும் தனி. ரசீது கட்டாயம் வாங்குங்கள்: தேதி, வண்டி எண், லிட்டர், தொகை.

6. யாரையும் உள்ளே இறக்கக் கூடாது

"அடியில கொஞ்சம் கெட்டியா இருக்கு சார், ஒரு ஆளை இறக்கி வாரிடலாம், ஐந்நூறு கூடக் குடுங்க." இந்தப் பேச்சு வந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள்.

செப்டிக் டேங்கில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடியதும் மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கும் அந்த நேரத்தில்தான் அது கொல்லும். காலியான டேங்கிலும் இதே கதைதான். சகதியைக் கிளறும்போது அடைபட்டிருந்த வாயு ஒரே மூச்சில் வெளிவரும். ஒருவர் விழுந்ததும் காப்பாற்ற இறங்கும் இரண்டாமவரும் மூன்றாமவரும் சாவதும் இதனால்தான். யாராவது தவறி விழுந்துவிட்டால் நீங்களும் இறங்காதீர்கள், 101 அல்லது 112-க்கு அழையுங்கள், 108-ஐயும் கூப்பிடுங்கள். செல்போனோ சங்கிலியோ விழுந்தால் போனது போனதுதான்.

கையால் கழிவு அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டின் சட்டப்படி, பாதுகாப்பில்லாமல் ஆளை டேங்கில் இறக்குவது குற்றம். அது காண்டிராக்டரை மட்டும் குறிப்பதல்ல, வேலைக்கு வைத்த வீட்டுக்காரரையும் சேர்த்துத்தான். முதல் முறை குற்றத்துக்கு இரண்டாண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடையில் இறங்கி இறப்பவர்களின் குடும்பத்துக்கு முப்பது லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. இந்த எண்களுக்குப் பயந்துதான் இறக்காமல் இருக்க வேண்டும் என்பதில்லை. இறங்கப்போகும் ஆளுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

7. லாரி வந்த பிறகு

பகலில் வரச் சொல்லுங்கள், நீங்களோ பொறுப்பான ஒருவரோ கூடவே நில்லுங்கள். வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லா மூடிகளையும் திறந்து வையுங்கள், சுற்றிக் கயிறு கட்டுங்கள். கையுறை, பூட்ஸ் இல்லாமல் தொழிலாளர் வேலை செய்ய வந்தால் போடச் சொல்லுங்கள்.

முதல் அறையில் தொடங்க வேண்டும். இரண்டாவது அறையில் நீர்தான் அதிகம், ஹோஸ் போட்டதும் சரசரவென்று ஏறும், வேலை முடிந்த மாதிரி தெரியும். முதலில் மேலே மிதக்கும் ஏட்டை நீளக் கம்பால் உடைத்துவிடச் சொல்லுங்கள். பாதி எடுத்ததும், லாரியிலிருந்து கொஞ்சம் நீரைத் திரும்ப டேங்குக்குள் வேகமாக அடித்துச் சகதியைக் கலக்கி, பிறகு மறுபடி உறிஞ்ச வேண்டும். இந்த ஒரு வேலையைச் செய்யாத லாரி உங்கள் சகதியை எடுக்கவில்லை, நீரைத்தான் எடுத்தது. ஹோஸில் ஓடும் சத்தத்தைக் கவனியுங்கள்: நீர் போகும்போது ஒரே சீராக இருக்கும், சகதி ஏறும்போது ஹோஸ் குலுங்கி விட்டுவிட்டு முனகும்.

அடியில் ஓர் அங்குலச் சகதியை விட்டுவிடுங்கள். கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அதில்தான் இருக்கின்றன. சுத்தமாகக் கழுவித் துடைக்கிறேன் என்று ஆசிட், பிளீச்சிங் பவுடர், பினாயில் எதையும் ஊற்ற விடாதீர்கள்.

8. மூடுவதற்கு முன் பத்து நிமிடம்

டேங்க் காலியாக இருக்கும் இந்தப் பத்து நிமிடம் அடுத்த சில ஆண்டுகளுக்குத் திரும்ப வராது. மேலே நின்றபடியே டார்ச் அடித்துப் பாருங்கள், தலையை உள்ளே நீட்டாதீர்கள்.

வெளியேறு குழாயிலிருந்து தண்ணீர் டேங்குக்குள் திரும்ப வழிகிறதா? வழிந்தால் உறிஞ்சுகுழி நிறைந்து நிற்கிறது, அதுதான் உண்மையான நோயாளி. செங்கல் ஜல்லி நிரப்பிய குழியை லாரியால் சுத்தம் செய்ய முடியாது. வேறு இடத்தில் புதிதாக ஒன்று தோண்டுவதே வழி, குடிக்கும் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி. ஐந்தாறு சென்ட் மனையில் அது கடினம்தான். அப்படியானால் பக்கத்து வீட்டுக் கிணற்றையும் கணக்கில் வைத்தே இடம் பாருங்கள்.

உள்வரும், வெளியேறும் குழாய்களின் முனையில் ஆங்கில டி எழுத்து வடிவில் குழாய்த் துண்டு இருக்க வேண்டும். வெளியேறும் பக்கம் அது உடைந்து விழுந்திருந்தால் மிதக்கும் ஏடு நேராக உறிஞ்சுகுழிக்குப் போகும். மூடி வழியாகக் கையெட்டும் தூரத்தில் இருந்தால் மேலிருந்தே மாற்றலாம். சுவர் விரிசலில் தென்னை, பலா வேர் நுழைந்திருந்தால் படம் எடுத்து வையுங்கள். உள்ளே இறங்கிப் பூச வேண்டிய பழுது எதுவானாலும் தெரிந்த கொத்தனாரை வைத்துச் செய்ய வேண்டாம், உள்ளாட்சிப் பொறியாளரிடம் காட்டி முடிவு செய்யுங்கள்.

பிறகு உடனே மோட்டார் போட்டு வெளியேறு குழாய் மட்டம் வரை தண்ணீர் நிரப்புங்கள். மிதந்து எழும்பும் ஆபத்தும் போகும், நாற்றமும் குறையும். கடையில் விற்கும் பாக்டீரியாப் பொடியோ சாணக் கரைசலோ தேவையில்லை. வீட்டார் பயன்படுத்தத் தொடங்கியதுமே வேண்டியது உள்ளே போய்விடும்.

மூடியை முழுச் சிமென்ட் கலவையால் இறுக்கிவிடாதீர்கள், அடுத்த முறை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். மணல் அதிகம் வைத்த மெலிந்த கலவையால் விளிம்பை மட்டும் அடையுங்கள், கொசு நுழைய இடைவெளி இருக்கக் கூடாது. காற்றுக் குழாயின் வாயில் கொசுவலை கட்டுங்கள். இன்டர்லாக் கல்லைத் திரும்பப் பதிப்பதானால் மூடி இருக்கும் இடத்தில் மட்டும் வேறு நிறக் கல் போடச் சொல்லுங்கள்.

9. அதன் பிறகு

மொட்டைமாடி மழைநீர்க் குழாய் டேங்கில் சேர்ந்திருந்தால் அதைப் பிரிப்பதுதான் முதல் வேலை. ஒரு நல்ல மழையில் டேங்க் முழுதும் கலங்கி உறிஞ்சுகுழிக்குப் போய்விடும். குளிக்கும் தண்ணீர், வாஷிங் மெஷின் தண்ணீரை வாழைக்கோ தென்னைக்கோ திருப்பி விட்டால் டேங்கின் சுமை பாதியாகும். நாப்கின், டயப்பர், ஈரத்துடைப்பான் காகிதம், மீன் பொரித்த எண்ணெய் ஆகியவை கழிப்பறையில் போகக் கூடாதவை. கழிப்பறையைக் கழுவ ஆசிட்டுக்குப் பதிலாகச் சோப்புத்தூளும் பிரஷும் போதும்.

கிணறு டேங்குக்கு அருகில் இருந்தால் ஒருமுறை தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்து, கழிவு கலந்திருப்பதைக் காட்டும் கிருமியான கோலிஃபார்ம் இருக்கிறதா என்று சோதனை செய்யுங்கள். மாதிரி எடுக்கும் பாட்டிலையும் முறையையும் அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டிலுள்ள பழைய பாட்டிலில் எடுத்துப் போனால் முடிவு தப்பாக வரும்.

எடுத்த தேதி, லாரிக்காரரின் எண், டேங்கின் அளவு, இரண்டு சுவர் மூலைகளிலிருந்து ஒவ்வொரு மூடிக்கும் உள்ள தூரம் ஆகியவற்றை மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கத்தில் பெயின்டால் எழுதிவிடுங்கள். ரசீதை வீட்டு வரி ரசீதோடு சேர்த்து வையுங்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் துணி சுற்றிய கம்பால் மறுபடி அளந்து, அந்த உயரத்தையும் அதே கதவில் தேதியோடு குறியுங்கள். ஓர் ஆண்டில் எத்தனை அங்குலம் ஏறுகிறது என்று தெரிந்துவிட்டால் அடுத்த லாரி எந்த ஆண்டு வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.